மூன்று மடங்கா, மூன்று மடங்காகவா? – ஆய்வுகூட எண்கள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்திலிருந்து கிளைத்தவை. ஓர் எண் கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. அதை எவ்வளவு நம்பலாம்? டெங்கு ரிப்போட்டிலிருந்து பல்கலைக்கழக ஆய்வேடு வரை எல்லாம் வந்திருப்பதால் அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். நோய் பற்றிய கேள்விகளில் நாங்கள் சொல்வது எண்ணை வாசிக்கும் முறையை மட்டும்தான். சிகிச்சையை முடிவுசெய்வது உங்கள் வைத்தியர்.

மகனுக்கு டெங்கு. மாலையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பிளேட்லட் 112,000 என்றார்கள். நான்கு மணித்தியாலம் கழித்து வைத்தியசாலையில் 96,000. இவ்வளவு வேகமாக இறங்குமா? இன்னொன்று: பி.சி.வி. 20 சதவீதம் கூடினால் ஆபத்து என்கிறார்கள். அவனுக்கு 40 இருந்தது. அப்படியென்றால் 60 ஆகும்வரை பயப்படத் தேவையில்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறோம், ஏனென்றால் அதிலுள்ள கணக்குப் பிழை உயிரோடு விளையாடக்கூடியது. பி.சி.வி. என்பதே ஒரு சதவீதம்: குருதியின் கனவளவில் செங்கலங்களின் பங்கு. அது 20 சதவீதம் கூடுவது என்றால், அவரவருடைய தொடக்க அளவில் 20 சதவீதம். 40இல் 20 சதவீதம் 8. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டிய எண் 48, 60 அல்ல. கணக்கு இதுதான்: இப்போதைய அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்து, தொடக்க அளவால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 44 வந்தால் 10 சதவீத உயர்வு, 46 வந்தால் 15.

குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து வெளியே கசியும்போது செங்கலங்கள் உள்ளேயே தங்கிவிடும். அதனால் அவற்றின் பங்கு உயர்கிறது. 20 சதவீதம் என்பது கசிவு கணிசமாக நடந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அந்த இடம்வரை வைத்தியர்கள் கைகட்டிக்கொண்டு இருக்கமாட்டார்கள். நீங்களும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாட்களில் எடுத்த ரிப்போட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பலரும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தொடக்க அளவு தெரியாவிட்டால் "கூடியது" என்ற சொல்லுக்கே அர்த்தம் கிடையாது. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய சராசரியை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

பி.சி.வி. இறங்குவதையும் எப்போதும் நல்ல செய்தி என்று எடுக்க முடியாது. சேலைன் ஏற்றினால் இறங்கும், குணமாகும்போது இறங்கும், உள்ளே குருதி கசிந்தாலும் இறங்கும். நாடித்துடிப்பு, குருதி அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு சேர்த்துத்தான் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியும்.

இனி பிளேட்லட். 112,000க்கும் 96,000க்கும் இடைவெளி சுமார் 14 சதவீதம். இரண்டு வேறு கருவிகள், இரண்டு வேறு குழாய்கள், இரண்டு தடவை ஊசி. இந்த அளவு வித்தியாசம் இறக்கமே இல்லாமலும் வரலாம். குருதி உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற இரசாயனம் இட்ட குழாயில் சிலருடைய பிளேட்லட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கருவி ஒரு கட்டியை ஒன்றாக எண்ணும், அல்லது எண்ணாமலே விடும். குருதி எடுப்பதில் தாமதித்து அது பாதி உறைந்தாலும் இதேதான். சந்தேகம் வந்தால் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், அல்லது சிட்ரேட் திரவம் இட்ட குழாயில் திரும்ப எடுப்பார்கள். அந்தக் குழாயில் 9 பங்கு குருதிக்கு 1 பங்கு திரவம் இருப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்தால் பத்து சதவீதம் பொய்யாகக் "குறைந்திருக்கும்".

ஆனாலும் டெங்குவில் உண்மையான இறக்கமும் வேகமாகவே நடக்கும். எனவே இரண்டு எண்களை வைத்து வாதாடாமல், இனிமேல் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே கருவியில் வரும் வரிசையைப் பாருங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியடையும் நாள்தான் கசிவு தொடங்கக்கூடிய நாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

"மூன்று மடங்கு அதிகரித்தது" என்று எழுதினால் 100 எத்தனையாக ஆகும்? எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி.
– உயர்தர மாணவர், தெஹிவளை

இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. அதனால்தான் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. "மூன்று மடங்காக" என்றால் 300. "ஆக" இல்லாவிட்டால் சிலர் 300 என்பார்கள், சிலர் 100உடன் 300ஐக் கூட்டி 400 என்பார்கள். 200 சதவீத அதிகரிப்பும் மூன்று மடங்காவதும் ஒன்றே.

இறங்கும்போது இந்த "ஆக" இன்னும் முக்கியம். 90 என்பது மூன்றிலொன்று குறைந்தால் 60. மூன்றிலொன்றாகக் குறைந்தால் 30. "மூன்று மடங்கு குறைந்தது" என்று நாளிதழ்களில் வருவதற்கு எந்தப் பொருளும் இல்லை. 100இலிருந்து மூன்று நூறைக் கழித்தால் எங்கே போய் நிற்பது? இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள்: "90இலிருந்து 30 ஆனது."

50 சதவீதம் குறைந்து பிறகு 50 சதவீதம் கூடினால் பழைய இடத்துக்கு வராது என்பதையும் உங்கள் இரு கட்சிக்கும் சொல்லுங்கள். 100, 50, 75.

எச்.பி.ஏ.1.சி. 8இலிருந்து 7க்கு வந்துவிட்டது. வைத்தியர் "ஒரு சதவீதம் குறைந்தது" என்கிறார். என் மகள் 12.5 சதவீதம் என்கிறாள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

எச்.பி.ஏ.1.சி. என்பது ஹீமோகுளோபினில் வெல்லம் ஒட்டிய பங்கின் சதவீதம். மகளின் வகுத்தலில் பிழையில்லை. வைத்தியர் சொல்ல வந்தது ஒரு சதவீதப் புள்ளி. அளவே சதவீதத்தில் இருக்கும்போது, கழித்து வருவதைப் புள்ளி என்றும் வகுத்து வருவதைச் சதவீதம் என்றும் பிரித்துச் சொன்னால் சண்டை வராது.

ஆனால் இந்த இடத்தில் மகளின் 12.5க்கு ஒரு பொறி இருக்கிறது. அதே பரிசோதனையை மோலுக்கு மில்லிமோல் என்ற சர்வதேச அலகிலும் தருகிறார்கள். 8 சதவீதம் அங்கே 64. 7 சதவீதம் 53. 64இலிருந்து 53 என்பது சுமார் 17 சதவீத இறக்கம். அதே குருதி, அதே மாற்றம். ஒரு அலகில் 12.5, இன்னொன்றில் 17! மாற்றும் சூத்திரத்தில் 10.93ஆல் பெருக்கிய பின் 23.5 கழிக்கப்படுகிறது. அதனால் இரு அளவுகோல்களின் பூச்சியமும் ஒரே இடத்தில் இல்லை. பூச்சியம் பொருந்தாத அளவுகோல்களில் விகிதம் நகரும், புள்ளி வித்தியாசம்தான் நிலைக்கும். வெப்பநிலை 15 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போனால் வெப்பம் இரட்டிப்பானது என்று நாம் சொல்வதில்லையே. வைத்தியரின் பக்கமே தீர்ப்பு.

பி.எச். மதிப்பில் இது தலைகீழ். குருதியின் பி.எச். 7.4இலிருந்து 7.1க்கு இறங்குவது கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். அது மடக்கை அளவுகோல் என்பதால் ஐதரசன் அயன் செறிவு லீற்றருக்கு 40 நனோமோலிலிருந்து 80க்கு, அதாவது இரண்டு மடங்காக உயர்ந்திருக்கிறது.

வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் ஒரு மாதம் குடித்தேன். கொலஸ்ட்ரோல் 220இலிருந்து 201க்கு வந்தது. வெந்தயம் வேலைசெய்கிறது என்று எடுக்கலாமா?
– வாசகி, மருதானை

உங்கள் இறக்கம் 8.6 சதவீதம். எதுவும் செய்யாமல் இருக்கும் ஒருவரின் கொலஸ்ட்ரோலும் நாளுக்கு நாள் ஆடும். அந்த ஆட்டத்தின் மாறற் குணகம், அதாவது சராசரியின் சதவீதமாகச் சொன்ன நியம விலகல், 5 சதவீதமளவில் என்று வைப்போம். கருவியின் சொந்த ஆட்டம் 3 சதவீதம் என்று வைப்போம். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டினால் 25உம் 9உம் 34, வர்க்கமூலம் 5.8. இரண்டு அளவீடுகளை ஒப்பிடுவதால் 1.41ஆலும், 95 சதவீத நம்பிக்கைக்காக 1.96ஆலும் பெருக்க வேண்டும், சேர்த்து 2.77. விடை சுமார் 16 சதவீதம். இதற்குள் வரும் எந்த மாற்றமும் சும்மா இருந்தாலே வரக்கூடியது. 220இலிருந்து 185க்குக் கீழே போயிருந்தால் யோசிக்கத் தொடங்கலாம்.

ஒரே அளவீட்டை நம்பாமல், தொடக்கத்தில் ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு, முடிவில் இரண்டு எடுத்துச் சராசரிகளை ஒப்பிட்டால் அந்த 16 ஏறத்தாழ 11.5க்கு இறங்கும். ஒரே ஆய்வுகூடம், ஒரே நேரம். ஊசி குத்துமுன் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருங்கள். நின்றுகொண்டிருந்தவர் இருபது நிமிடம் படுத்தாலே குருதி நீர்த்துக் கொலஸ்ட்ரோல் 10 சதவீதம்வரை இறங்கிவிடும். வெந்தயத்தை விடப் பாயும் தலையணையும் நல்ல மருந்து போலத் தோன்றும்!

ஆர்.என்.ஏ. எடுத்து பீ.சீ.ஆர். செய்தேன். மருந்திட்ட கலங்களில் சீ.டி. பெறுமானம் 26இலிருந்து 23க்குக் குறைந்தது. மேற்பார்வையாளர் பரம்பரையலகின் வெளிப்பாடு கூடியிருக்கிறது என்கிறார். எத்தனை மடங்கு என்று எப்படி எழுதுவது?
– ஆய்வு மாணவி, கொழும்பு 3

பீ.சீ.ஆர். என்பது பரம்பரையலகின் பிரதிகளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் முறை. சீ.டி. என்பது ஒளிர்வு குறித்த கோட்டைத் தாண்ட எத்தனை சுற்று தேவைப்பட்டது என்ற எண். தொடக்கத்தில் அதிகம் இருந்தால் சீக்கிரம் தாண்டும். ஆகவே குறைந்த சீ.டி., கூடிய வெளிப்பாடு. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பாக்கும் என்பதால் 3 சுற்று வித்தியாசம் 8 மடங்கு. ஆனால் அதை அப்படியே எழுதினால் தவறு, ஏனென்றால் இரண்டு குழாய்களிலும் சம அளவு ஆர்.என்.ஏ. போட்டீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்குத்தான் ஒப்பீட்டுப் பரம்பரையலகு, அதாவது மருந்தால் மாறாது என்று எதிர்பார்க்கும் வேறொரு பரம்பரையலகு.

ஓர் உதாரணம். மருந்திடாத கட்டுப்பாட்டில் இலக்கு 26, ஒப்பீடு 18, வித்தியாசம் 8. மருந்திட்டதில் இலக்கு 23, ஒப்பீடு 17, வித்தியாசம் 6. ஆறிலிருந்து எட்டைக் கழித்தால் −2. குறியை மாற்றி 2இன் அடுக்காக வைத்தால் 4. எட்டு மடங்கு என்று நினைத்தது நான்கு மடங்காகிவிட்டது. மீதி, குழாயில் ஆர்.என்.ஏ. கூடுதலாக விழுந்ததன் விளைவு.

இந்தக் கணக்கு மூன்று இடங்களில் வழுக்கும். முதலாவது வினைத்திறன். இரட்டிப்பு என்பது முழு வினைத்திறனில் மட்டும். பத்து மடங்கு ஐதாக்கலில் ஐந்து புள்ளிகள் எடுத்து, செறிவின் மடக்கைக்கு எதிரே சீ.டி.யை வரையுங்கள்; சாய்வு −3.32 என்றால் 100 சதவீதம். −3.1க்கும் −3.6க்கும் இடையில் இருந்தால் ஏற்கலாம். வினைத்திறன் 90 சதவீதம்தான் என்றால் 2க்குப் பதில் 1.9ஐ அடுக்கேற்ற வேண்டும். மேலே உள்ள 4 அப்போது 3.6. இலக்குக்கும் ஒப்பீட்டுக்கும் வினைத்திறன் வேறுவேறாக இருந்தால் இந்தக் குறுக்குவழியையே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஒப்பீடு அசைவது. ஜி.ஏ.பி.டி.எச். என்ற பரம்பரையலகை எல்லோரும் பழக்கதோஷத்தில் ஒப்பீடாக எடுக்கிறார்கள். ஒட்சிசன் குறைவிலும் இன்சுலினிலும் அதுவே கூடக்கூடியது. உங்கள் மருந்து அதை அசைத்தால் இலக்கு எதுவும் செய்யாமலே கூடும், குறையும். குறைந்தது இரண்டு ஒப்பீடுகளை எடுத்து, மருந்தால் அவற்றின் சீ.டி. நகரவில்லை என்று காட்டுங்கள். ஆர்.என்.ஏ. போடாத குழாயும், பின்னோக்கிய படியெடுப்பு நொதியம் போடாத குழாயும் கட்டாயம், இரண்டாவதில் சீ.டி. வந்தால் உங்கள் மாதிரியில் டி.என்.ஏ. கலந்திருக்கிறது.

மூன்றாவது, மாணவர்கள் அதிகம் விழும் குழி: சராசரி. மூன்று தனித்தனிப் பரிசோதனைகளில் 2, 4, 8 மடங்கு வந்தால் கூட்டல் இடை 4.67, பெருக்கல் இடை 4. சரியானது 4. இன்னும் தெளிவாகத் தெரிய 2 மடங்கும் 0.5 மடங்கும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரட்டிப்பு, ஒன்று பாதி. ஒன்றையொன்று அடித்துவிட வேண்டும். கூட்டல் இடை 1.25 என்று கால்வாசி உயர்வைக் கண்டுபிடித்துத் தரும்! ஆகவே நியம விலகல், புள்ளிவிபரச் சோதனை எல்லாவற்றையும் சீ.டி. வித்தியாசத்தின் மேலேயே செய்துவிட்டு, கடைசிப் படியில் மட்டும் மடங்காக மாற்றுங்கள். வரைபில் அடி 2 மடக்கை அச்சு வையுங்கள். இரட்டிப்பு +1, பாதி −1, சம தூரம். சாதாரண அச்சில் எல்லா இறக்கங்களும் 0க்கும் 1க்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும்.

ஒரே மாதிரியை மூன்று குழியில் வைத்தால் அது n = 3 ஆகாது. அது உங்கள் பிப்பெற்றின் கைத்திறனைத்தான் அளக்கிறது. மூன்றுக்குள் 0.5 சுற்றுக்கு மேல் விலகல் இருந்தால் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு கைச்சுத்திகரிப்பான் 99.9 சதவீதம் கிருமி கொல்கிறதாம், இன்னொன்று 99.99. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு ஏன் கூடுதல் விலை?
– வாசகர், பம்பலப்பிட்டி

கொன்றதைப் பார்க்காமல் மிஞ்சியதைப் பாருங்கள். பத்து இலட்சத்தில் முதலாவது 1,000ஐ விட்டுவைக்கிறது, இரண்டாவது 100ஐ. பத்து மடங்கு வித்தியாசம். ஆய்வுகூடத்தில் இதனால்தான் 3 மடக்கை இறக்கம், 4 மடக்கை இறக்கம் என்று பேசுவார்கள். விலைக்குத் தகுமா என்பது வேறு கதை. அந்த எண் குறிப்பிட்ட பற்றீரியா, குறிப்பிட்ட தொடுநேரத்தில் கிடைத்தது. அழுக்குக் கையில் பொருந்தாது, நோரோ வைரசுக்கும் வித்திகளுக்கும் பொருந்தாது. சவர்க்காரம் மலிவு.

ஆய்வுகூட மாணவர்களுக்கு ஒரு சொல்: 0.1 மில்லிலீற்றரைத் தட்டில் பரப்பி எந்தக் கொலனியும் வராவிட்டால் "0" என்று எழுதாதீர்கள். மில்லிலீற்றருக்கு 10இலும் குறைவு என்பதே விடை. 100 சதவீத இறக்கம் என்று எதையும் நிரூபிக்க முடியாது. தட்டில் ஒட்டிவந்த கிருமிநாசினியை நடுநிலையாக்காவிட்டால், அது அங்கேயும் கொன்றுகொண்டிருக்கும். இறக்கம் பெரிதாகத் தெரியும்.

மரணத்தை 30 சதவீதம் குறைக்கும் மாத்திரை என்றால், குடிக்கும் 100 பேரில் 30 பேர் பிழைப்பார்களா?
– வாசகர், கொம்பனித்தெரு

இல்லை. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய சிம்வாஸ்டட்டின் ஆய்வை எடுங்கள். இதயநோய் உள்ள 4,444 பேர், ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள். வெற்று மாத்திரை எடுத்த 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்த 2,221 பேரில் 182 பேர். அதாவது 11.5 சதவீதம் 8.2 ஆனது. வகுத்தால் சுமார் 30 சதவீத இறக்கம், கழித்தால் 3.3 புள்ளி. 100ஐ 3.3ஆல் வகுத்தால் 30: ஐந்தரை ஆண்டுகளில் ஒரு மரணத்தைத் தவிர்க்க 30 பேர் குடிக்க வேண்டும். அது உண்மையில் சிறந்த முடிவு. அதே 30 சதவீதத்தை, இறக்கும் வாய்ப்பு 1 சதவீதமே உள்ள ஆரோக்கியமானவர்களுக்குப் பொருத்தினால் 330க்கு மேற்பட்டோர் குடிக்க வேண்டும். விளம்பரத்தில் நன்மை சதவீதத்திலும் பக்கவிளைவு புள்ளியிலும் இருந்தால் மாத்திரைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

உயர் குருதி அழுத்தம் உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து ஒரு மூலிகைக் கசாயம் கொடுத்தோம். சராசரி 150இலிருந்து 141 ஆனது, p = 0.03. கட்டுப்பாட்டுக் குழுவில் 150இலிருந்து 144, p = 0.12. கசாயம் வேலைசெய்கிறது என்று எழுதலாமா?
– சித்த மருத்துவ ஆய்வு மாணவர், இராஜகிரிய

எழுத முடியாது. p என்பது உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமான எல்லை 0.05. ஒன்று 0.05க்குள், மற்றது வெளியே என்பது இரண்டும் வேறுபடுகின்றன என்பதற்குச் சான்றாகாது. நீங்கள் சோதிக்க வேண்டியது 9க்கும் 6க்கும் இடையிலுள்ள 3 மாத்திரமே.

கட்டுப்பாட்டுக் குழு ஏன் 6 இறங்கியது என்று பாருங்கள். ஊரின் சராசரி 130, ஒருவரின் இரண்டு அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் இணைபு 0.7 என்று வைப்போம். உயர்ந்தவர்களாகப் பார்த்து எடுத்த உங்கள் குழு 150இல் இருக்கிறது. அடுத்த முறை எதிர்பார்க்க வேண்டியது 130 கூட்டல் 0.7 பெருக்கல் 20: 144. மருந்தே இல்லாமல் 6 இறங்கும். தெரிவுசெய்த அன்று சிலருக்குத் தற்செயலாகக் கூடியிருந்தது; அது திரும்பவும் அமைவதில்லை. 1886இல் கால்ற்றன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் கண்டதும் இதே சராசரிக்குத் திரும்பல்தான். எனவே தெரிவுக்கு எடுத்த அளவீட்டைத் தொடக்க அளவாக வைக்காதீர்கள். தெரிந்தெடுத்த பின் இன்னொரு நாளில் திரும்ப அளந்து அதை வையுங்கள்.

பகுப்பாய்வில் ஒவ்வொருவரின் சதவீத இறக்கத்தையும் கணித்து ஒப்பிடுவது பலவீனமான வழி. இறுதி அழுத்தத்தைச் சார்மாறியாகவும், குழுவையும் தொடக்க அழுத்தத்தையும் விளக்கும் மாறிகளாகவும் வைத்து இணைமாறற் பகுப்பாய்வு (அன்கோவா) செய்யுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஜெனரல் லீனியர் மொடல், அதற்குள் யுனிவேரியேட். குழு 'ஃபிக்ஸ்ட் ஃபக்டர்' பெட்டியில், தொடக்க அளவு 'கோவேரியேட்' பெட்டியில். ஆய்வேட்டில் குழு வித்தியாசத்தையும் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள்.

எலிக்காய்ச்சலுக்குப் பிறபொருளெதிரி நான்கு மடங்காக உயர வேண்டும் என்கிறார்கள். இரண்டு மடங்கானால் ஏன் போதாது?
– ஆய்வுகூடப் பயிலுநர், அவிசாவளை

இந்தச் சோதனையில் சீரத்தை (கலங்களும் உறைபொருளும் நீக்கிய குருதி நீரை) 1:100, 1:200, 1:400 என்று பாதி பாதியாக ஐதாக்குகிறீர்கள். விடை ஒரு படி முன்னே பின்னே போவது அளப்பவரின் கண், பிப்பெற், கிருமிவளர்ப்பின் அடர்த்தி இவற்றாலேயே நடக்கும். ஒரு படி என்றால் இரண்டு மடங்கு. ஆகவே இரண்டு படி, அதாவது 1:100 இலிருந்து 1:400, வந்தால்தான் உயர்வு.

முதல் சீரத்தை −20 பாகையில் வைத்திருந்து, 10–14 நாள் கழித்து எடுக்கும் இரண்டாவதோடு ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே ஆள் சோதிக்க வேண்டும். முதலாவதை அன்றே பார்த்து எழுதியிருந்தாலும் அந்த எண்ணோடு ஒப்பிடாமல் திரும்பவும் ஓட்டுங்கள். அதற்காக முதல் நாளே சீரத்தை இரண்டு சிறு குழாய்களில் பிரித்து உறையவைப்பது நல்லது. உருகி உறைந்த சீரத்தைப் பிறகு நம்புவது கடினம்.